பதினோராயிரம் பேரும் ஒரு வயர்மேனும்

வயர்மேனை அந்த நிறுவனத்தில் வேலைக்கு எடுத்தது மின்விசிறி மாட்டுவதற்கு. பதினாறு வருடங்களில் அவர் மாட்டிய மின்விசிறிகள் மொத்தம் ஒன்பது. மற்றபடி கம்ப்யூட்டர், பிரிண்டர், மோடம், கேமரா, விரலை வைத்தால் பாதி நாள் ஆளைத் தெரியாமல் விழிக்கும் வருகைப்பதிவுப் பெட்டி என்று, சுவரில் ஒரு பிளக் செருகியிருந்தால் போதும், அந்தப் பொருள் அவர் தலையில் கட்டப்பட்டுவிடும். வேலை மாறிக்கொண்டே போனது, பதவி அசையவில்லை. சர்வர் ஓடினாலும் அவர் வயர்மேன், சர்வர் நின்றாலும் வயர்மேன்.

நிறுவனம் விற்றது கதவுச் சாமான்கள். கீல், தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி. வாங்குகிறவர்கள் தச்சர்களும் சின்னக் கடைக்காரர்களும். அவர்களுக்குத் தேவை என்று வந்தால் போன் செய்வார்கள். வரவேற்பறையை ஒட்டிய டெலிபோன் பிரிவில் இரண்டு பெண்கள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, "நாலு இஞ்சா, அஞ்சு இஞ்சா? இடது பக்கம் திறக்கிற கதவா, வலது பக்கமா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இருவரில் மூத்தவள் வயர்மேனின் அக்கா. கணவர் இல்லை, கல்லூரியில் ஒரு மகள் உண்டு. தம்பியை இந்த வேலையில் சேர்த்துவிட்டது அவள்தான். மாதம் ஒரு முறையாவது அதை ஞாபகப்படுத்தாமல் விட்டதில்லை.

வயர்மேன் கம்ப்யூட்டர் கற்றது எந்த வகுப்பிலும் இல்லை. மின்சார வேலையில் கைக்குப் பழகிய ஒழுங்குகள் சில அவருக்கு இருந்தன. ஒயரின் இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டு. கை வைக்குமுன் டெஸ்டர் வை, கை வைத்த பிறகும் வை. மெயினை அணைக்காமல் வீரம் காட்டாதே. இதையே கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொண்டார். ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போட்டார்: நான் அடித்தது, அது சொன்னது, எனக்குப் புரிந்தது. முதல் நோட்டில் மூன்றாவது பத்தி முக்கால்வாசி வெள்ளையாகவே கிடந்தது. ஆறாவது நோட்டில் மூன்றாவது பத்தி இடம் போதாமல் ஓரத்தில் ஏறியது. இந்த முன்னேற்றத்தை நிறுவனம் கவனிக்கத் தவறவில்லை. முன்பு பிரிண்டரில் காகிதம் சிக்கினால் மட்டும் கூப்பிட்டவர்கள், இப்போது காகிதம் தீர்ந்தாலும் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

முதலாளிக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவர் ஏதோ பெரிய படிப்பை முடித்துக்கொண்டு நிறுவனத்துக்குள் நுழைந்தபோது, என்ன பதவி கொடுப்பதென்று யாருக்கும் விளங்காததால் ஒரு கண்ணாடி அறையைக் கொடுத்தார்கள். முதலாளி வாய் நிறைய "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில், வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளை ஆனார். நேரில் மட்டும் சார். மாப்பிள்ளைக்குக் கீலும் தாழ்ப்பாளும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஆனால் டேட்டா தெரியும். வந்த இரண்டாவது மாதம் நிறுவனத்துக்கு ஒரு வெப்சைட் செய்ய வைத்தார். அதன் முதல் பக்கத்தில் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும். நிமிடத்துக்கு ஒரு தரம் பக்கம் தானே புதிதாக ஏறி வேறொரு கதவு திறக்கும். கதவுக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கடைசி வரை காட்டாது.

ஒருநாள் வயர்மேனைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"நம்ம சைட்டுக்கு யார் வர்றாங்க, எவ்வளவு நேரம் நிக்கிறாங்க, எல்லாம் நமக்குத் தெரியணும். எல்லாம் ஒரே திரையில தெரியிற மாதிரி ஒரு டாஷ்போர்டு வேணும். வெளியாள்கிட்ட டேட்டாவைக் கொடுக்க வேண்டாம். நம்ம சர்வர்லயே போட்டுக்கிற சாஃப்ட்வேர் இருக்கு. இலவசம்."

"எந்த சர்வர் சார்?"

"அதான்... உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குமே."

இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவில், பில் போட்டுப் போட்டு ஓய்வுபெற்ற ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வயர்மேன் அதைத் தூசி தட்டி, மெமரி கூட்டி, மூன்று நாள் அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த மென்பொருளின் குறிப்பில் "ஐந்து நிமிடத்தில் நிறுவலாம்" என்று எழுதியிருந்தது. எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாரோ. முதல் நாள் டேட்டாபேஸ் பழசு என்று நின்றது. இரண்டாம் நாள், தனக்கு வேண்டிய போர்ட்டை, அதாவது தகவல் வந்துபோகிற வாசலை, வேறு யாரோ பிடித்து வைத்திருப்பதாகப் புகார் சொன்னது. அந்த வேறு யாரோ, அதில் எப்போதோ போட்டு வைத்த வருகைப்பதிவுப் பெட்டியின் மென்பொருள். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகி, ஒரு கோப்பில் எழுத அனுமதி இல்லை என்றது. வயர்மேன் ஒன்றுக்கும் கோபப்படவில்லை. நோட்டில் எழுதினார், படித்தார், ஒரு வரி மாற்றினார், மறுபடி ஓட்டினார். மூன்றாம் நாள் மதியம் டாஷ்போர்டு திரையில் எழுந்தது.

கடைசியாக அமைப்புப் பக்கம். நேர மண்டலம் என்ன, பதிவுகளை எத்தனை மாதம் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போய், "எந்த முகவரிகளிலிருந்து வருபவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்?" என்று ஒரு கட்டம் கேட்டது. நம் அலுவலகக் கம்ப்யூட்டர்களை நாமே எண்ணக் கூடாது என்பதற்கான கட்டம் அது. வயர்மேனுக்குப் புரிந்தது. ஆனால் மோடத்தை அணைத்துப் போட்டால் அலுவலகத்தின் இணைய முகவரியே மாறிவிடும். எதை எழுதுவது?

"சார், நம்ம ஆளுங்க சைட்டைத் திறந்தா அதுவும் கணக்குல ஏறிடும். அதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்று மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னார்.

"நம்ம ஆளுங்க நம்ம சைட்டை எங்க பாக்குறாங்க? அதெல்லாம் அப்புறம்."

அன்றைய தேதியில் அது உண்மைதான். நம்ம ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. வயர்மேன் கட்டத்தைக் காலியாக விட்டு "சேமி" என்பதை அழுத்தினார். பதினாறு வருடங்களில் டெஸ்டர் வைக்காமல் அவர் கையெடுத்த ஒரே இடம் அது.

வரவேற்பறையில் ஒரு பெரிய டிவி மாட்டினார்கள். திரையின் ஒரு பாதியில் வெப்சைட்டின் கதவு திறந்துகொண்டிருக்கும், மறு பாதியில் டாஷ்போர்டு. மேலே "இந்த நிமிடம் தளத்தில் இருப்பவர்கள்", கீழே "இன்றைய பார்வைகள்". மாலை நாலரை மணிக்கு முதலாளி கையால் திறப்பு விழா. முதல் நாள் பார்வைகள் முப்பத்தெட்டு. மாப்பிள்ளையின் முகம் கதவு மூடியதுபோல் ஆனது.

மறுநாள் ஓர் உத்தரவு வந்தது. அலுவலகத்தின் இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களிலும் வெப்சைட்தான் முதல் பக்கமாக வர வேண்டும், நாள் முழுக்க அது திறந்தே இருக்க வேண்டும். "நம்ம சைட் மேல நமக்கே பாசம் வரணும்" என்று காரணம் சொல்லியிருந்தார். பாசம் வந்ததோ இல்லையோ, பார்வைகள் வந்தன. அந்த வாரமே தினக்கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது. மாப்பிள்ளை தினமும் காலை எல்லாரையும் டிவி முன்னால் நிற்க வைத்து எண்ணை வாசித்தார். ஊழியர்கள் கை தட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் தட்டினாலும் சத்தம் ஒன்றுதான்.

அத்தனை பேர் வந்துபோகிற தளத்தில் நான்கு மாதங்களில் வந்த ஆர்டர்கள் ஏழு. அதில் மூன்று, மாப்பிள்ளை தானே சோதித்துப் பார்க்க அனுப்பியவை. இதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "கஸ்டமர் இப்ப யோசிக்கிற கட்டத்துல இருக்காங்க மாமா." முதலாளி தலையாட்டினார். ஒரு கீல் வாங்க தினம் பதினோராயிரம் தடவை யோசிக்கிற மனிதர்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், பாவம்.

ஒரு புதன்கிழமை அந்த அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாத முடிவோடு டெலிபோன் பிரிவு மூடப்படும். ஆர்டர்கள் இனி வெப்சைட் வழியாக மட்டும். டெலிபோன் பிரிவு ஊழியர்களின் "நீண்ட சேவைக்கு நன்றி".

அன்று மதியம் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"எந்தப் பெட்டிடா அது?"

"எது?"

"என் வயித்துல அடிக்கிற பெட்டி. நீ மூணு நாள் குந்திக்கிட்டு சீராட்டுனியே, அது."

"அது எண்ணத்தான்கா செய்யுது. முடிவு எடுக்கிறது அவங்க."

"ஆமா, கத்தி வெட்டல, கைதான் வெட்டுச்சு. இங்க விட்டா என்னை வேற எவன்டா வேலைக்கு எடுப்பான்? அம்பத்திரண்டு வயசு. புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு." குரல் உடையப் போன இடத்தில் அதைத் திட்டாக மாற்றிக்கொண்டாள். "தினம் பதினோராயிரம் பேர் வர்றானாமே. ஒருத்தனாவது போன்ல பேசுறப்ப 'உங்க சைட்டைப் பாத்தேன்'னு சொல்லணும்ல? நாலு மாசமா காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தன் சொல்லல."

அவள் போன பிறகு வயர்மேன் டாஷ்போர்டைத் திறந்து, டிவியில் காட்டாத உள்பக்கங்களுக்குப் போனார். போன வாரக் கணக்கை நாள் வாரியாகப் பார்த்தார். திங்கள் 11,040. செவ்வாய் 11,038. புதன் 11,041. வாடிக்கையாளர்கள் ராணுவ ஒழுங்கோடு வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொன்று. உலகம் முழுக்கக் கதவு வாங்குகிறவர்களுக்கு ஞாயிறு வார விடுமுறை போலும்.

நோட்டை எடுத்தார். இருபத்திரண்டு கம்ப்யூட்டர், வரவேற்பறை டிவி ஒன்று, ஆக இருபத்துமூன்று. பக்கம் நிமிடத்துக்கு ஒரு முறை தானே ஏறுகிறது, ஏறும்போதெல்லாம் ஒரு பார்வை. எட்டு மணி நேரத்துக்கு நானூற்று எண்பது நிமிடம். பெருக்கினார். பதினோராயிரத்து நாற்பது.

அவருக்குக் கோபம் வந்தது. கோபம் மாப்பிள்ளை மேல் என்றால் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் காலிக் கட்டம் தன் கையால் விட்டது.

நேராகக் கண்ணாடி அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டால் எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

"வயர்மேன், கொஞ்சம் நம்ம ஆளுங்களும் இருக்கலாம். ஆனா டிரெண்டு இருக்கு பாருங்க, டிரெண்டு. நீங்க ஒயரிங் கோணத்துல பாக்குறீங்க."

"சரி சார். அந்த சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்திருக்கு. பாதுகாப்புக்காக மாத்தணும். அதுல அலுவலக மிஷின்ல ஒரு அடையாளம் போட்டு வச்சா, முகவரி மாறினாலும் அதைக் கணக்குல சேர்க்காது. அதையும் செஞ்சிடுறேன்."

"அப்டேட்டா? தாராளமா போடுங்க. எப்பவும் லேட்டஸ்ட்ல இருக்கணும்." அடையாளம் போடுகிற விஷயம் அவர் காதில் ஏறவே இல்லை. வயர்மேன் அதையே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். அந்தத் தாளின் மேல் ஒரு காபிக் கோப்பை உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை மதியம், அலுவலகம் காலியான பின் வேலையைத் தொடங்கினார். முதலில் புது வெர்ஷனின் மாற்றக் குறிப்புகளை ஒரு வரி விடாமல் படித்தார். டேட்டாபேஸை நகல் எடுத்தார். நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதை வேறோர் இடத்தில் திறந்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். சேவையை நிறுத்தினார். பழைய கோப்புறையை அழிக்காமல் பெயர் மாற்றி ஓரமாக வைத்தார். புதியதை இறக்கி, அட்டவணைகளை மாற்றும் கட்டளையைக் கொடுத்து, அது முடியும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இருபத்திரண்டு கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாகப் போட்டு, அடையாளம் வைத்து, நோட்டில் டிக் அடித்தார். கடைசியாக டிவி.

திங்கள் காலை டிவி முன்னால் எல்லாரும் கூடினார்கள். மாப்பிள்ளை வாசிக்க வாயைத் திறந்தார். இந்த நிமிடம் தளத்தில் இருப்பவர்கள்: 0. இன்றைய பார்வைகள்: 2.

பழக்க தோஷத்தில் இருவர் கை தட்டிவிட்டார்கள்.

"என்ன இது?" மாப்பிள்ளையின் குரல் கீச்சென்றது. "மாமா, அப்டேட் போடுறேன்னு கெடுத்து வச்சிருக்கார்."

முதலாளிக்குக் கோபம் வந்தது. கோபத்தை மாப்பிள்ளைப் பக்கம் திருப்ப முடியாது, வீட்டில் மகள் இருக்கிறாள். அது வளைந்து வந்து வயர்மேன் மேல் விழுந்தது.

"ஏம்பா, நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை உன்னை யாரு நோண்டச் சொன்னா? பதினோராயிரம் பேர் வந்த இடத்துல ரெண்டு பேரா? பழைய வெர்ஷனைப் போடு!"

"போடலாம் ஐயா."

"போட்டா பழைய ஆளுங்க திரும்ப வருவாங்களா?"

"வருவாங்க ஐயா. எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். முதலாளிக்கு அது கிண்டலா பதிலா என்று தெரியவில்லை. வயர்மேன் மாடிப்படிக்குக் கீழே போனார். ஓரமாக வைத்திருந்த பழைய கோப்புறை, நகல் எடுத்த டேட்டாபேஸ், இருபது நிமிடம். திரும்பி வந்தபோது டிவியில் 23 என்று நின்றது. மாப்பிள்ளை மூச்சு விட்டார்.

"பாத்தீங்களா மாமா?"

"ஐயா, ஒரு அரை மணி நேரம் கொடுங்க" என்றார் வயர்மேன். "ஒரு கட்டடத்துல எங்கயோ கரண்டு கசிஞ்சா, எந்த ரூம்ல கசியுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்போம்? ஒவ்வொரு ரூமா ஃபியூஸைப் புடுங்கிட்டு மீட்டரைப் பாப்போம். அதையே இங்கயும் பண்ணிப் பாக்குறேன். எல்லாரும் இங்கயே நில்லுங்க. யாரும் மிஷினைத் தொடாதீங்க."

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். அவர் கீல் வியாபாரி. எதையும் ஆட்டிப் பார்த்துத்தான் நம்புவார்.

வயர்மேன் கணக்குப் பிரிவுக்குள் போய் ஒரு கம்ப்யூட்டரை அணைத்தார். ஒரு நிமிடத்தில் 22. இரண்டாவதை அணைத்தார். 21. கிடங்குக்குப் போய் மூன்று. 18. ஒவ்வொன்றுக்கும் அவர் கதவருகே வந்து, "ஐயா, இப்ப?" என்று குரல் கொடுத்தார்.

"பதினேழு."

"இப்ப?"

"பதினாறுப்பா."

ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பத்துக்குக் கீழே இறங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் ஒரு சத்தம் மட்டும் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. டெலிபோன் பிரிவில் மணி அடித்தது, ஒன்றை எடுத்தால் இன்னொன்று அடித்தது. "சொல்லுங்கண்ணே... இல்லண்ணே, ஸ்டீல் நாளைக்குத்தான்... பித்தளையே அனுப்பட்டுமா?" அக்காவின் குரல் கட்டடம் முழுக்கப் போனது. வெளியே எண்கள் செத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

கண்ணாடி அறையின் கம்ப்யூட்டர் அணைந்ததும் திரையில் 2. அக்காவின் மேசையில் இருந்ததும் அணைந்தது. 1.

"இன்னும் ஒருத்தர் இருக்கார்!" என்றார் மாப்பிள்ளை, மூழ்குகிறவர் கட்டையைப் பிடித்ததுபோல். "ஒரு நிஜக் கஸ்டமர்!"

"அது இந்த டிவிதான் சார்" என்றார் வயர்மேன். "இதுவும் தினம் நானூத்தி எம்பது தடவை நம்ம சைட்டைப் பாக்குது. அணைச்சுக் காட்டலாம். ஆனா அணைச்சா, பூஜ்யத்தைப் பாக்கத் திரை இருக்காது."

முதலாளி எழுந்து போய் அந்த 1-ஐ விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இத்தனை மாசமா நாமளே நம்மளைப் பாத்துக்கிட்டு இருந்தோமா?"

"ஆமாங்கய்யா. எண்ண வேண்டாம்னு எழுதற கட்டத்தை நான் காலியா விட்டுட்டேன். தப்பு என்னோடது. அந்த நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும்."

மாப்பிள்ளை உடனே, "பாத்தீங்களா மாமா, அவரே ஒத்துக்கிட்டார்" என்றார். முதலாளி அவர் பக்கம் திரும்பி, ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கி, "மாப்பிள்ளை, நீங்க உள்ள போய் உக்காருங்க, வெயில்ல வந்தது களைப்பா இருக்கும்" என்றார். வெளியே மேகமூட்டமாக இருந்தது.

பிறகு டெலிபோன் பிரிவின் வாசலில் போய் நின்றார்.

"காலையில இருந்து எத்தனைம்மா?"

அக்காவின் பக்கத்து மேசைக்காரி நிமிராமலே, "நாப்பத்தி மூணுங்கய்யா. லைன்ல நிக்கிறவங்களைச் சேர்க்காம" என்றாள்.

முதலாளி தலையாட்டினார். அறிவிப்புப் பலகையின் பக்கம் போனார். தானே கையெழுத்துப் போட்ட தாளைக் குண்டூசியோடு பிடுங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளிகள் இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள், கேட்டது நமக்குத் தெரிந்துவிடாதபடி. தன் அறைக்குப் போகிற வழியில், "அந்தப் புது வெர்ஷனையே போட்டு விடுப்பா. ரெண்டுன்னா ரெண்டுன்னே காட்டட்டும்" என்றார்.

வயர்மேன் அக்காவின் மேசைக்கு வந்தார். தாள் பிடுங்கப்பட்டதை அவள் ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் ஹெட்போனைக் கழற்றியதும் வந்தது வேறு.

"எல்லா மிஷினையும் அணைச்சியே, பெரிய இவன் மாதிரி. நான் ஒண்ணரைப் பக்கம் ஆர்டர் அடிச்சு வச்சிருந்தேன்டா. சேமிக்கவே இல்ல. போச்சு."

மெயினை அணைக்குமுன் யார் எதில் வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதுவும் அவருடைய ஒழுங்குகளில் ஒன்றுதான். வயர்மேன் கம்ப்யூட்டரைப் போட்டார். அது விழித்தெழும் வரை காத்திருந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுக்கா."

அவள் காகிதத் துண்டுகளை வரிசைப்படுத்தினாள். "பித்தளைக் கீல், நாலு இஞ்ச், மூணு டஜன். மெதுவா அடி, தப்பா அடிச்சா மறுபடி நான்தான் திட்டு வாங்கணும். தாழ்ப்பாள், எட்டு இஞ்ச்..."

மறுபடியும் மணி அடித்தது. "இருடா" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள்.